லிங்கன் படித்த பத்திரிகைகள்

மரக்குடிசையிற் பிறந்து வெள்ளை மாளிகையில் வாழ்ந்த ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இரவில் அடுப்புத் தீயின் வெளிச்சத்தில் நூல் பயிலும் சிறுவனின் உருவம் நம் மனத்திற் பதிந்து கிடக்கிறது. அவ்வுருவம் பொய்யன்று. ஆயினும் அதனையே நோக்கிக்கொண்டிருப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். லிங்கன் ஆழ்ந்து பயின்ற நூல்கள் மிகச் சில; அவர் முதிர்ந்த பின்னர் நாள்தோறும் கையில் எடுத்தது நூலன்று, பத்திரிகை. பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக அவருடன் கூட்டாக வக்கீல் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ண்டன், அக்காலத்துப் பெரியோர் எவரினும் தம் கூட்டாளி குறைவாகப் படித்து மிகுதியாகச் சிந்தித்தவர் எனக் கருதினார். அங்ஙனம் குறைவாகப் படித்தவர் பத்திரிகைகளை மட்டும் விடாது படித்தது ஏன்? அப்படிப்பு அவருக்கு எவ்வாறு பயன்பட்டது? எப்பொழுது அதனை அவர் கைவிட்டார்? இவற்றை ஒருவாறு ஆராயப் புகுவோம்.

லிங்கன் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ம் நாள் கெண்டக்கியில் பிறந்தார். 1816-ல் அவர் குடும்பம் இண்டியானாவிற்கும், 1830-ல் இல்லினாய்ஸிற்கும் குடிபெயர்ந்தது. பள்ளியில் அவர் இருந்த நாட்கள் அனைத்தையும் கூட்டினும் ஓராண்டு நிரம்பாது. 1831-ல் சங்கமன் ஆற்றங்கரையிலிருந்த நியூ சேலம் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். 1833-ம் ஆண்டு மே மாதம் அவ்வூர்த் தபால் அதிகாரியாக நியமனம் பெற்றார். ஊதியம் அற்பம். கடிதங்களைத் தம் உயர்ந்த தொப்பிக்குள் வைத்துக்கொண்டு உரியவர் வீட்டிற்கே சென்று கொடுத்து வருவதும் உண்டு. ஆனால் வேறொரு ஊதியம் அவ்வேலையில் இருந்தது. ஊராருக்கு வரும் பத்திரிகைகள் யாவும் முதலில் அவர் கையில் வந்து விழுந்தன. உரியவர் வந்து பெறுமுன் அவர் அவற்றைப் படித்து முடித்துவிடுவார். இஃது ஒரு தபால் அதிகாரிக்கு அழகோ என வினவும் கண்டிப்பான வாசகர் இருக்கலாம். அமெரிக்க நாட்டிற்கு அதனால் விளைந்த நன்மையை எண்ணி அவர்கள் பொறுத்தருள்வார்களாக.

அந்நாளில் பத்திரிகைகள் அவ்வளவு தொலைவிலுள்ள சிற்றூருக்கும் வந்தமைக்குக் காரணம் தபால் சட்டம். 400 மைலுக்கு அப்பாற் செல்லும் ஒற்றைத்தாள் கடிதத்திற்கு 25 சென்ட் கட்டணம். பத்திரிகைக்கோ எவ்வளவு தூரமாயினும் ஒன்றரை சென்டுக்கு மேல் இல்லை. ஒரு பத்திராதிபர் மற்றொரு பத்திராதிபருக்கு அனுப்பும் பிரதிக்குக் கட்டணமே கிடையாது. ஆதலின் நியூயார்க்கில் எழுதப்பட்ட தலையங்கம் சில வாரங்களில் மிஸிஸிப்பி நதிக்கரைப் பத்திரிகையிலும் மறுபடி அச்சாகிவிடும். அப்பத்திரிகைகளை இக்காலத்துச் செய்தித்தாள்களைப் போல எண்ணிவிடலாகாது. பெரும்பாலானவை ஒரு கட்சிக்கே உரியவை. தம் கட்சித் தலைவரின் சொற்பொழிவை முழுமையாகவும் எதிரியின் சொற்பொழிவைச் சிதைத்தும் வெளியிடுவது அவற்றின் வழக்கம். வசைமொழிக்கு வரம்பில்லை. லிங்கன் இளமையில் விரும்பிப் படித்தது ஜார்ஜ் பிரெண்டிஸ் என்பவர் நடத்திய லூயிவில் ஜர்னல். அது ஹென்றி கிளே என்னும் தலைவரைப் போற்றிய விக் கட்சிப் பத்திரிகை. கிளேயைத் தம் அரசியல் ஆசானாக லிங்கன் கொண்டதற்கு அப்படிப்பும் ஒரு காரணமெனலாம்.

படித்தவர் எழுதவும் தொடங்கினார். 1832-ல் சட்டசபைத் தேர்தலுக்கு நின்றபோது தம் கொள்கை விளக்கத்தை ஸ்பிரிங்பீல்டு நகரத்துச் சங்கமோ ஜர்னலில் வெளியிட்டார். அத்தேர்தலில் தோற்றார், 1834-ல் வென்றார். 1837-ல் ஸ்பிரிங்பீல்டுக்கே குடிவந்த பின்னர், பத்திராதிபர் சிமியன் பிரான்சிஸின் அலுவலகம் அவருக்கு இரண்டாவது வீடாயிற்று. பெயரிடாத கட்டுரைகளும் கேலிக் கடிதங்களும் அவர் கையிலிருந்து புறப்பட்டன. அவற்றுள் ஒன்று அவர் உயிருக்கே உலை வைக்க இருந்தது. 1842-ல் மாகாணக் கணக்குத் தணிக்கை அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்னும் ஜனநாயகக் கட்சியினரை எள்ளி, ரெபெக்கா என்னும் நாட்டுப்புறக் கிழவி எழுதியதுபோல லிங்கன் ஒரு கடிதம் வரைந்தார். அதில் வரிப்பண விவகாரம் சிறிதே; ஷீல்ட்ஸின் நடையுடை பாவனைகளைப் பரிகசித்ததே பெரிது. ஷீல்ட்ஸ் மானமுள்ளவர், லிங்கனை வாட்போருக்கு அழைத்தார். செப்டம்பர் 22-ம் நாள் இருவரும் மிஸிஸிப்பி ஆற்றின் நடுவேயுள்ள ஒரு திட்டில் வாளுடன் எதிர்ப்பட்டனர். இறுதி நேரத்தில் நண்பர்கள் புகுந்து சமாதானம் செய்திராவிடின் வரலாறு எவ்வாறு திரும்பியிருக்குமோ! பிற்காலத்தில் அந்நிகழ்ச்சியை எவரேனும் குறிப்பிட்டால் லிங்கன் முகம் சுளிப்பார். பெயர் மறைத்து ஒருவரைப் புண்படுத்தும் எழுத்தை அதன்பின் அவர் பெரிதும் விலக்கினார். அச்செழுத்தின் கூர்மையை உண்மையான வாளின் முன் நின்று அறிந்தவர் அவர்.

1844-ல் ஹெர்ண்டனுடன் கூட்டுச் சேர்ந்தார். காலை ஒன்பது மணியளவில் அலுவலகம் வந்ததும் லிங்கன் முதற்கண் செய்வது, சாய்விருக்கையில் நீண்டு படுத்து, ஒரு காலை நாற்காலியின் மேல் நீட்டிக்கொண்டு, பத்திரிகையை உரத்த குரலிற் படிப்பது. பக்கத்தில் இருந்த ஹெர்ண்டனுக்கு அது பொறுக்கவியலாத தொல்லை. காரணம் கேட்டபோது, கண்ணும் காதும் ஒருங்கே வேலை செய்தால் பொருள் நன்கு பதியும் என்று லிங்கன் விடை கூறினாராம். சிறு வயதில் அவர் பயின்ற நாட்டுப் பள்ளிகளில் மாணவர் அனைவரும் உரக்கப் படிப்பதே முறை. அப்பழக்கம் இறுதிவரை போகவில்லை.

அவ்வலுவலகத்திற்கு வந்த பத்திரிகைகளின் வரிசை நோக்கத்தக்கது. சிகாகோ டிரிபியூன், நியூயார்க் டிரிபியூன், அடிமை முறையை எதிர்த்த நேஷனல் ஈரா முதலியன ஒருபுறம். அடிமை முறையைப் புனிதமென வாதித்த சார்ல்ஸ்டன் மெர்க்குரி, ரிச்மண்டு என்குவைரர் ஆகியவை மறுபுறம். பின்னவற்றைச் சந்தா செலுத்தி வருவித்தவர்கள் அடிமை முறையை வெறுத்த இருவர் என்பதை நினைத்துப் பாருங்கள். நம்முட் பெரும்பாலோர் நமக்கு உடன்பாடான பத்திரிகையைப் படித்து, நம் கருத்தையே அதில் மறுபடி கண்டு, தலையசைத்து மகிழ்கின்றோம். லிங்கன் தம் கட்சிப் பத்திரிகைகளை விட்டவரல்லர். ஆயினும் அவருக்கு உரமளித்தது தெற்கிலிருந்து வந்த தாள்களே. அடிமைகளை உடையவர் தம் சொந்த ஊராருக்காக எழுதும்பொழுது வடக்கத்தியாரிடம் பேசும் பொழுது போலப் பூசி மெழுகுவதில்லை. சுதந்தரத் தொழில்முறையும் அடிமைத் தொழில்முறையும் ஒரே தேசத்தில் நெடுங்காலம் வாழ இயலாது என்னும் கருத்தை 1856-லேயே ரிச்மண்டுப் பத்திரிகை வெளியிட்டிருந்தது. இரண்டாண்டு கழித்து அதே கருத்தை லிங்கன் உரைத்தபோது, அவர் உள்நாட்டுப் போரை மூட்டுகிறார் என்று எதிரிகள் கூக்குரலிட்டனர். அவரோ 1859-ல் சின்சினாட்டியில் பேசுகையில் அத்தென்னாட்டுப் பத்திரிகையையே சாட்சியாக எடுத்து நிறுத்தினார். எதிரியின் வாக்குமூலத்தைவிட வலிய சாட்சி ஒரு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்?

1854-ல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்ஸாஸ்-நெப்ராஸ்கா சட்டம், புதிய பிரதேசங்களில் அடிமை முறை பரவ வழி திறந்தது. வக்கீல் தொழிலில் ஆழ்ந்திருந்த லிங்கனை மீண்டும் அரசியலுக்கு இழுத்தது அதுவே. 1858-ல் செனட் பதவியை நாடி இருவரும் ஆகஸ்டு 21 முதல் அக்டோபர் 15 வரை ஏழு ஊர்களில் நேருக்கு நேர் வாதாடினர். அவ்வாதம் நேரிற் கேட்டவர்களுக்காக மட்டும் நிகழவில்லை. குடியரசுக் கட்சியைச் சார்ந்த சிகாகோப் பத்திரிகையான பிரெஸ் அண்டு டிரிபியூன் ராபர்ட் ஹிட் என்னும் சுருக்கெழுத்தாளரை அமர்த்தியது; டக்ளஸைச் சார்ந்த சிகாகோ டைம்ஸும் தன் சுருக்கெழுத்தாளரை அனுப்பியது. மேடையிற் பேசிய பேச்சு புகைவண்டியேறிச் சிகாகோ சென்று அச்சாகித் தேசமெங்கும் பரவியது. இரு பத்திரிகைகளையும் ஒப்பிட்டால் வேடிக்கை விளங்கும். முதலதில் லிங்கன் தெளிவாகவும் டக்ளஸ் தடுமாறியும் பேசுவார். இரண்டாவதில் டக்ளஸ் சிங்கமாக முழங்க, லிங்கன் இலக்கணம் அறியாதவராக உளறுவார்.

முதல் வாதம் நடந்த ஆட்டவா நகரத்தில் டக்ளஸ் சில தீர்மானங்களைப் படித்து, 1854-ல் ஸ்பிரிங்பீல்டில் லிங்கனுடைய கட்சியார் நிறைவேற்றியவை இவையென்று சாற்றினார். தீவிரமான தீர்மானங்கள், பொதுமக்களை அச்சுறுத்தத்தக்கவை. லிங்கனால் உடனே மறுக்க இயலவில்லை. வாதம் முடிந்த சில நாட்களுக்குள் பிரெஸ் அண்டு டிரிபியூன் துருவியாராய்ந்து, அவை ஸ்பிரிங்பீல்டிலன்று, வேறொரு கவுண்டியிற் கூடிய கூட்டத்தில் நிறைவேறியவையென வெளிப்படுத்தியது. டக்ளஸ் நம்பியது ஸ்பிரிங்பீல்டு ஜனநாயகப் பத்திரிகை ஒன்று தவறாக அச்சிட்டிருந்ததையே. அடுத்த வாதத்தில் லிங்கன் அதனை எடுத்துக் காட்டியபோது டக்ளஸுக்கு இக்கட்டாயிற்று. பத்திரிகையை நம்பிப் பேசியவரைப் பத்திரிகையே காட்டிக்கொடுத்தது.

அத்தேர்தலில் செனட் பதவி டக்ளஸுக்கே கிடைத்தது. தோற்றவர் என் செய்தார்? சிகாகோவிற்கு எழுதி வாதங்கள் வெளிவந்த பத்திரிகைப் பிரதிகளை வருவித்தார், கத்தரித்தார், ஒரு பெரிய புத்தகத்தில் வரிசையாக ஒட்டினார். இங்குதான் அவருடைய இயல்பு துலங்குகிறது. தம் பேச்சைத் தம் கட்சிப் பத்திரிகையிலிருந்தும், டக்ளஸின் பேச்சை டக்ளஸின் கட்சிப் பத்திரிகையிலிருந்தும் எடுத்தார். ஒவ்வொருவரையும் அவரவர் நண்பர் எவ்வாறு கேட்டனரோ அவ்வாறே நிறுத்துவது நீதியென்று அவர் கருதினார். கூட்டத்தாரின் ஆரவாரக் குறிப்புக்களை நீக்கிச் சிறு பிழைகளைத் திருத்தினாரேயன்றி வேறு கை வைக்கவில்லை. 1860-ல் ஒஹாயோவிலுள்ள கொலம்பஸ் நகரத்துப் பதிப்பகத்தார் அதனை நூலாக வெளியிட்டனர். ஆயிரக்கணக்கான படிகள் விற்றன. தமக்குத் திருத்த வாய்ப்பளிக்கவில்லையென்று டக்ளஸ் குறை கூறினார், அக்குறையில் நியாயமில்லாமலில்லை. ஆயினும் அவ்வாண்டு லிங்கனை அறியாத மாகாணங்களுக்கு அவரை அறிமுகம் செய்தது கத்தரியும் பசையும் கொண்டு அவர் ஆக்கிய அப்புத்தகமே.

ஆட்டவா வாதத்தில் லிங்கன் கூறிய ஒரு கருத்தை நோக்கினால், இவ்வளவு உழைப்பும் எதற்கென விளங்கும். பொதுஜன மனப்பான்மை உடன்பட்டால் எதுவும் நிறைவேறும். அது முரண்பட்டால் எதுவும் நிலைக்காது. ஆதலின் சட்டம் இயற்றுவோரினும் அம்மனப்பான்மையை உருவாக்குவோரே ஆழமான செயல் புரிபவர் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை அவர் எவ்வளவு தூரம் செயற்படுத்தினார் என்பதற்கு ஒரு சான்று, நெடுங்காலம் பலர் அறியாதிருந்தது. 1859-ம் ஆண்டு மே மாதம் அவர் 400 டாலர் செலவிட்டு, தியடோர் கனிஸியஸ் நடத்திய ஜெர்மன் மொழிப் பத்திரிகையொன்றின் அச்சுக் கருவிகளுக்கு உரிமையாளரானார். அது குடியரசுக் கட்சிக் கொள்கையை விட்டு விலகலாகாது என்பது ஒப்பந்தம். லிங்கனுக்கு ஜெர்மன் மொழி தெரியாது. தாம் படிக்கவியலாத பத்திரிகையைத் தாமே உடைமையாகக் கொண்ட விந்தையை என்னென்பது! இல்லினாய்ஸில் குடியேறிய ஜெர்மானியரின் வாக்குகளே அவர் கருத்து. 1860-ல் தேர்தல் வென்ற பின் அச்சுக் கருவிகளைக் கனிஸியஸுக்கே கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டில் அவரை வியன்னாவில் கான்ஸலாகவும் நியமித்தார். அக்கால வழக்கு அது. எனினும் இச்செயலை அவருடைய பெருமைகளுள் ஒன்றாக எண்ண நமக்கு மனம் வரவில்லை.

1860 பிப்ரவரி 27-ல் நியூயார்க் கூப்பர் மண்டபத்தில் புகழ்பெற்ற சொற்பொழிவை முடித்த பின்னரும் அவர் உடனே உறங்கச் செல்லவில்லை. நள்ளிரவில் டிரிபியூன் அலுவலகம் சென்று தம் பேச்சின் அச்சுப்படிகளைத் தாமே திருத்திக் கொடுத்தார். மறுநாட் காலை நியூயார்க்கின் நான்கு பத்திரிகைகள் அதனை முழுமையும் வெளியிட்டன.

இத்தகையவர் 1861 மார்ச்சில் ஜனாதிபதியான பின் பத்திரிகைப் படிப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார் என்றால் வியப்பாயிருக்கும். காரியதரிசிகள் நாடோறும் பத்திரிகைகளின் சாரத்தைத் தொகுத்துக் கொடுக்கச் சிலகாலம் முயன்றனர். அவர் அதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாஷிங்டன் பத்திரிகைகள் மேசையிற் கிடக்கும். தலைப்புக்களை நோக்கிவிட்டுப் போவார். தம்மீது வரும் தாக்குதல்களையெல்லாம் படித்து விடை கூற முற்பட்டால் வேறு வேலை எதற்கும் அலுவலகத்தைத் திறந்து வைக்க வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். வடக்கிலும் தெற்கிலும் அவரைக் குரங்கென்றும் கொடுங்கோலரென்றும் எழுதாத நாளில்லை. போர்ச் செய்திக்கு அவர் யுத்த இலாகாவின் தந்தி அறைக்கே நடந்து செல்வார். அங்குக் கிடைப்பது மறுநாட் பத்திரிகைக்கு முந்தியது. ஜனங்களின் கருத்தை அறிய வேறொரு வழியும் கண்டார். வாரத்தில் சில மணி நேரம் எவர் வேண்டினும் வந்து தம்மைக் காணலாமென்று கதவைத் திறந்துவிட்டு, வேலை கேட்டு வருவோர், மகனுக்கு மன்னிப்பு வேண்டும் தாய்மார் ஆகியோர் சொல்வதை அமர்ந்து கேட்டார். பொதுஜனக் கருத்தில் நீராடுவதாக அதனை அவர் வேடிக்கையாகக் குறிப்பிடுவாராம். பத்திரிகை நிருபர்கள் வருவதையும் விரும்பினார். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ யூனியன் நிருபர் நோவா புரூக்ஸ் அவருடைய நெருங்கிய நண்பரானார். பத்திரிகையைப் படிப்பதினும் பத்திரிகைக்காரரிடம் கேட்பது அப்பொழுது அவருக்குப் பயன் தந்தது.

ஆனால் படிக்காமல் விடவியலாத ஒருவர் இருந்தார். அவர் நியூயார்க் டிரிபியூனை 1841-ல் நிறுவிய ஹோரஸ் கிரீலி. அவருடைய வாரப் பதிப்பு வடமாகாணக் குடியானவர் வீடுகள் எங்கும் புகுந்திருந்தது. 1862 ஆகஸ்டு 20-ல் அவர் ஜனாதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டு, வடக்கிலுள்ள இரண்டு கோடி மக்கள் சார்பில் அடிமைகளை விடுவிக்கும் சட்டத்தை அமுல் நடத்தவில்லையெனக் கடிந்துகொண்டார். இரண்டு நாளில் லிங்கன் விடை எழுதினார்; அதனைக் கிரீலிக்கு முதலில் அளியாது, வாஷிங்டனிலிருந்த நேஷனல் இண்டெலிஜென்ஸர் என்னும் மற்றொரு பத்திரிகையில் வெளியிடச் செய்தார். ஐக்கியத்தைக் காப்பதே தம் தலையாய நோக்கம். அதற்கு உதவுமாயின் அடிமைகள் அனைவரையும் விடுவிப்பதோ, ஒருவரையும் விடுவியாமலிருப்பதோ, சிலரை விடுவித்துச் சிலரை விடுவதோ எதுவாயினும் செய்யத் தாம் இசைவதாகவும், எல்லா மனிதரும் எங்கும் சுதந்தரராதல் வேண்டுமென்பது தம் சொந்த விருப்பமென்றும் அதில் உரைத்தார். அக்கடிதம் வரைந்தபொழுது, விடுதலைப் பிரகடனத்தின் நகல் அவர் மேசை அறையில் ஆயத்தமாயிருந்தது. ஜூலை 22-லேயே மந்திரிகளுக்குப் படித்துக் காட்டியிருந்தார். ஒரு வெற்றி கிட்டும்வரை பொறுக்க வேண்டுமென்ற ஸீவர்டின் யோசனையால் அது காத்துக்கிடந்தது. ஆகவே கிரீலிக்கு எழுதிய விடை கிரீலிக்கன்று. விடுதலையை வெறுத்துப் போரை மட்டும் ஆதரித்த இலட்சக்கணக்கானோரைப் பக்குவப்படுத்த எழுதியது. ஆன்டீட்டம் போர் செப்டம்பர் 17-ல் நடந்தது. 22-ல் பிரகடனம் வெளியாயிற்று. உண்மையை முழுதும் கூறாமல் நிறுத்திக்கொண்ட அக்கடிதத்தை வஞ்சகமென்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை, சொன்னதில் பொய்யில்லை. ஆயினும் அடிமைத்தளையிற் கிடந்தவன் அதனைப் படித்திருப்பின் அவன் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும் என்பதை எண்ணாமலிருக்கவும் இயலவில்லை.

பத்திரிகைச் சுதந்தரத்தைப் பொறுத்தவரை அவர் ஆட்சி மாசற்றதன்று. 1863 ஜூனில் ஜெனரல் பர்ன்ஸைடு சிகாகோ டைம்ஸை நிறுத்தச் சிப்பாய்களை அனுப்பினார். அப்பத்திரிகை அவரை நாடோறும் நிந்தித்தது. ஆயினும் சிகாகோவிலிருந்து எதிர்ப்பு எழுந்ததும் லிங்கன் அவ்வாணையை ஜூன் 4-ல் நீக்கினார். அடுத்த ஆண்டு நிகழ்ந்தது வேறு. 1864 மே 18-ல் விடியுமுன் ஒரு போலிப் பிரகடனம் நியூயார்க் பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்தது; 4,00,000 வீரரைத் திரட்ட ஜனாதிபதி ஆணையிட்டதாக அதில் இருந்தது. தங்கத்தின் விலையை ஏற்றி இலாபம் பெற எண்ணிய ஜோஸப் ஹவர்டு என்னும் பத்திரிகைக்காரரின் வேலை அது. வோர்ல்டு, ஜர்னல் ஆப் காமர்ஸ் என்னும் இரு பத்திரிகைகள் ஏமாந்து வெளியிட்டன. லிங்கன் தாமே கையொப்பமிட்டு, அவற்றின் ஆசிரியர்களையும் உடைமையாளர்களையும் கைதுசெய்து அலுவலகங்களைக் கைப்பற்ற ஜெனரல் டிக்ஸுக்குக் கட்டளை பிறப்பித்தார். ஏமாந்தவர் ஏமாற்றியவரல்லர் என்பது தெளிவாகவே, சில நாட்களில் பத்திரிகைகள் மீண்டும் வெளிவந்தன. முந்திய ஆண்டில் அவர் காட்டிய பொறுமை இங்கே தவறியது ஏன்? போலிப் பிரகடனம் வெளிவந்த நேரத்தில் மெய்யாகவே 3,00,000 வீரரை அழைக்கும் ஆணையொன்று அவர் கையில் ஆயத்தமாயிருந்தது என்பதை அறிந்தால் அச்சினத்தின் காரணம் ஒருவாறு புரியும். காரணம் புரிவதனால் அச்செயல் சரியாகிவிடாது.

அக்கோடை அவருக்குக் கொடியது. ஆகஸ்டு 22-ல் நியூயார்க் டைம்ஸின் ஆசிரியரும் கட்சித் தேசியக் குழுவின் தலைவருமான ஹென்றி ரேமண்டு, தேர்தலில் வெற்றிக்கு இடமில்லையென்று எழுதினார். மறுநாள் லிங்கன் தாம் தோற்பது பெரும்பாலும் உறுதியென ஒரு தாளில் எழுதி மடித்து ஒட்டி, உள்ளே இருப்பதைக் காட்டாமலே மந்திரிகளிடம் கையொப்பம் வாங்கினார். செப்டம்பரில் அட்லாண்டா வீழ்ந்தது; நவம்பர் 8-ல் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தனர். அத்துயர நாட்களிலும் ஒரு பத்திரிகை எழுத்தாளரை மட்டும் அவர் விடாது படித்தார். பெட்ரோலியம் நாஸ்பி என்னும் புனைபெயரில், தென்னாட்டை ஆதரிக்கும் மூடன் ஒருவன் எழுதுவதுபோல ஒஹாயோவின் டேவிட் லாக் எழுதிவந்த நகைச்சுவைக் கடிதங்களே அவை. வந்தவர்களை நிறுத்தி வைத்து உரக்கப் படித்துக் காட்டிச் சிரிப்பார். ஹெர்ண்டனின் தொல்லை இப்பொழுது மந்திரிகளுக்கு வந்தது.

1865 ஏப்ரல் 14-ம் நாள் இரவு போர்டு நாடகசாலையில் அவர் சுடப்பட்டார். மறுநாட் காலை உயிர் நீத்தார். அன்றிரவு அவர் சட்டைப்பைகளிலிருந்த பொருள்கள் குடும்பத்தாரிடம் நெடுங்காலம் இருந்து, 1937-ல் பேர்த்தி வாயிலாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தன. 1976-ல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. இரண்டு மூக்குக்கண்ணாடிகள், ஒரு பேனாக்கத்தி, ஒரு கைக்குட்டை, தென்னாட்டு அரசாங்கத்தின் ஐந்து டாலர் நோட்டு ஒன்றைக் கொண்ட தோற்பை. அப்பையினுள் மடித்து வைத்த பத்திரிகைத் துண்டுகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று தென்னாட்டுச் சிப்பாய்களின் மனச்சோர்வைப்பற்றியது. மற்றொன்று, லிங்கன் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமென இங்கிலாந்தின் ஜான் பிரைட் எழுதியது. வேறு சிலவும் அவரையும் அவர் கொள்கையையும் பாராட்டியவையே. தம்மைப்பற்றி எழுதுவதைப் படிப்பதில்லையென்று பலரிடம் கூறியவர், அத்துண்டுகளைக் கத்தரித்து, மடித்து, எவருக்கும் காட்டாது நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார்.